பட்டுப்புழு முட்டையில் எக்டைசோன்: ஹார்மோன் நீர் அடுக்கில்தான் இருக்கிறது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்காக 5 கிராம் பட்டுப்புழு முட்டையை மெத்தனாலில் அரைத்து வடிகட்டினீர்கள். மெத்தனாலை ஆவியாக்கி, மிஞ்சியதை நீரிலும் குளோரோஃபார்மிலும் குலுக்கினீர்கள். ஸ்டீராய்டு என்றால் கொழுப்பைப் போன்றது என்ற எண்ணத்தில் கீழே தங்கிய குளோரோஃபார்ம் அடுக்கை வைத்துக்கொண்டு, மேலே இருந்த நீரைக் கொட்டிவிட்டீர்கள். எச்.பி.எல்.சி.யில் (கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் கருவி) 20-ஹைட்ராக்சி எக்டைசோன், அதாவது தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனின் செயல்படும் வடிவம், வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க ஒரு சிறு மேடுதான் தெரிந்தது. முட்டையில் தோலுரிப்பு ஹார்மோனே இல்லையா, இருந்தால் அது இன்னதுதான் என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்கிறீர்கள்.

முட்டையில் ஹார்மோன் இருக்கிறது. நீங்கள் கொட்டிய நீர் அடுக்கில்தான் பெரும்பாலும் போயிருக்கும். அந்த நீர் கையில் இருந்திருந்தாலும், அதிலுள்ள ஹார்மோனின் பெரும்பங்கு நீங்கள் தேடிய வடிவத்தில் இருந்திருக்காது. தாய்ப்பூச்சி அதைப் பூட்டி வைத்துத்தான் முட்டைக்குள் அனுப்புகிறது. இந்த இரண்டும் மனத்தில் பதிந்துவிட்டால் உங்கள் வேலையின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் நீர் அடுக்கைப் பார்ப்போம். எக்டைசோனும் கொலஸ்டிராலும் ஒரே குடும்பம். இரண்டிலும் 27 கார்பன். ஆனால் கொலஸ்டிராலில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. எக்டைசோனில் ஐந்து, 20-ஹைட்ராக்சி எக்டைசோனில் ஆறு. அதற்கு மேல் 6-ஆம் கார்பனில் ஒரு கீட்டோன். இவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்த மூலக்கூறு குளோரோஃபார்முக்குள் இறங்க மறுக்கும், நீரிலேயே நிற்கும். இந்தத் துறையில் குளோரோஃபார்மைப் பயன்படுத்துவதே கொழுப்பை இழுத்து வெளியேற்றுவதற்குத்தான். ஹார்மோனை நீரிலிருந்து கரிமக் கரைப்பானுக்கு மாற்ற வேண்டுமானால் பியூட்டனால் வேண்டும். பாட நூல்கள் ஈஸ்ட்ரோஜனையும் டெஸ்டோஸ்டிரோனையும் வைத்து ஸ்டீராய்டைக் கற்பிக்கின்றன. அந்தப் பழக்கத்தில் பூச்சியிடம் வருகிற எல்லோரும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். உங்கள் தவறு அந்தப் பாடத்திலிருந்து வந்தது. உங்கள் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல.

இந்தச் சேர்மத்தை முதன்முதலில் கண்டவர்களுக்கும் அது ஸ்டீராய்டு என்று உடனே தெரியவில்லை. அடால்ஃப் பூட்டனான்ட், பீட்டர் கார்ல்சன் ஆகிய இருவரும் 1954-இல் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகம் எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஹார்மோன் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியது ஓர் ஈயின் புழு. காலிஃபோரா ஈயின் புழுவை நூலால் இறுக்கிக் கட்டினால் முன்பாதி கூடாக மாறும். ஹார்மோன் வந்து சேராத பின்பாதி வெளுத்த புழுவாகவே நிற்கும். அந்தப் பின்பாதியில் சாற்றை ஊசியால் ஏற்ற வேண்டும். பழுப்பாகிக் கெட்டிப்பட்டால் அந்தச் சாற்றில் ஹார்மோன் உண்டு. இந்த ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு அரை டன் பூச்சியிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவான படிகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அது ஸ்டீராய்டு என்பது 1963-இல்தான் தெளிவானது. 1965-இல் ஹூபரும் ஹோப்பேயும் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வின் மூலம் முழு அமைப்பையும் நிறுவினார்கள். படிகத்திலிருந்து அமைப்புக்கு 11 ஆண்டுகள். இன்று ஒரே நாளில் நிறைமாலையில் (மூலக்கூறும் அதன் துண்டுகளும் என்ன எடை என்று காட்டும் வரைபடம்) 481 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதிவிடுகிறோம். அந்த எண்ணில் என்ன ஆபத்து என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து பூட்டு. புழுவிலும் கூட்டுப்புழுவிலும் எக்டைசோனைச் சுரப்பது முன்மார்புச் சுரப்பி. முட்டைக்குள் கரு உருவாகத் தொடங்கும்போது அந்தச் சுரப்பி இன்னும் உருவாகியே இருக்காது. ஆனால் கருவுக்கு ஹார்மோன் வேண்டும். கரு முட்டைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட மேல்தோல்களை உருவாக்குகிறது; ஒவ்வொன்றுக்கும் முன்னால் எக்டைசோன் அளவு உயர்கிறது. சுரப்பி இல்லாத இடத்துக்கு ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மனும் அவருடைய குழுவினரும் லோகஸ்டா வெட்டுக்கிளியை வைத்து இதற்கு விடை கண்டார்கள். தாயின் சூலகத்தில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் நுண்ணறைச் செல்களே எக்டைசோனைத் தயாரிக்கின்றன. தயாரானது முட்டைக்குள் போய்ச் சேர்கிறது, அதுவும் செயலற்ற, பிணைந்த வடிவத்தில். (பூச்சிகளின் நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 2011-இல் நோபல் பரிசு பெற்ற அதே ஹாஃப்மன்தான். அவர் பெயரைச் சொன்னால் எல்லோரும் நோய் எதிர்ப்பைப் பேசுகிறார்கள். எனக்கு அவர் இன்றும் வெட்டுக்கிளி முட்டைக்காரர்.)

அந்தப் பூட்டு என்ன என்பதை வேதியியலாகக் காட்டியதில் இங்கிலாந்தின் லிவர்பூல் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐசக், ரீஸ் உள்ளிட்டோர் 1982-இல் பாலைவன வெட்டுக்கிளியின் முட்டைகளிலிருந்து எக்டைசோன் 22-பாஸ்பேட், 2-டிஆக்சி எக்டைசோன் 22-பாஸ்பேட் என்ற இரண்டையும் தனித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். எக்டைசோனின் 22-ஆம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலில் ஒரு பாஸ்பேட் தொகுதி, அவ்வளவுதான் பூட்டு. லோகஸ்டாவில் அதே இடத்தில் பாஸ்பேட்டோடு அடினோசினும் சேர்ந்து ஒரு நியூக்ளியோட்டைடே தொங்குகிறது. பட்டுப்புழுவில் ஜப்பானின் ஓனிஷி குழுவினர் 1977-இல் சூலகத்திலும் முட்டையிலும் 2-டிஆக்சி எக்டைசோன் இருப்பதை வெளியிட்டார்கள். பின்னர் பட்டுப்புழு முட்டையிலிருந்து வரிசையாகப் பல எக்டிஸ்டீராய்டுகளும் அவற்றின் பாஸ்பேட்டுகளும் வெளிவந்தன.

பூட்டு இருந்தால் சாவியும் இருக்க வேண்டும். பட்டுப்புழு முட்டையில் அந்தச் சாவியை யமடா, சொனோபே இருவரும் 2003-இல் தூய்மைப்படுத்தி, அதன் மரபணுவையும் பிரித்தெடுத்தார்கள். எக்டிஸ்டீராய்டு பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி அது. உறக்கநிலைக்குப் போகாத முட்டையில், கரு உறுப்புகளை உருவாக்கும் நாட்களில் அந்த நொதி மிகுதியாக இருக்கிறது. உறக்கத்தில் கிடக்கும் முட்டையில் மிகக் குறைவு. அதாவது உறங்கும் முட்டையில் சரக்கு இருக்கிறது, ஆனால் பூட்டு திறக்கப்படவில்லை. உங்கள் முட்டை எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பட்டுமுட்டை தயாரிக்கும் வித்தகத்திலிருந்து வாங்கிய, உறக்கத்துக்குப் போகும் இருபருவ இன முட்டையாக இருந்து, உறக்கத்தைத் தவிர்க்கும் அமிலக் குளியல் கொடுக்காமல் சில நாள் வைத்திருந்து அரைத்திருந்தால், கட்டற்ற 20-ஹைட்ராக்சி எக்டைசோன் மிகக் குறைவாகத் தெரிவதே இயல்பு. மைசூர் இனம் போன்ற பல பருவ இனமாக இருந்தால் கதை வேறு; அதன் முட்டை உறங்குவதில்லை.

எனவே மீண்டும் தொடங்கும்போது முதல் வேலை முட்டையைத் தேர்வது. ஒரே இரவில் இடப்பட்ட முட்டைகளை மட்டும் எடுங்கள்; இட்ட நேரத்தை எழுதி வையுங்கள். ஒரு பட்டுப்புழு முட்டையின் எடை அரை மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஒரு தாய் 400 முதல் 500 முட்டை இடும். ஆக 5 கிராம் என்பது ஏறத்தாழ 20 தாய்களின் முட்டை. இட்டு ஒரு நாளான முட்டையையும் ஐந்து நாளான முட்டையையும் கலந்து அரைத்தால், பூட்டியதும் திறந்ததும் ஒரே சாற்றில் கலந்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் அதைச் சீர்செய்ய முடியாது. முடிந்தால் மூன்று தொகுதி வைத்துக்கொள்ளுங்கள்: இட்டவுடன் எடுத்தது, உறக்கத்தில் உள்ளது, இட்டு 20 மணி நேர அளவில் 46 டிகிரி வெப்பமுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் முக்கி உறக்கத்தைத் தவிர்த்தது. அந்த அமிலக் குளியல் வித்தகங்களில் நாள்தோறும் நடக்கிற வேலை. அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள். குறித்த நேரத்தில் எடுத்ததும் முட்டையை ஆழ்குளிரில் வைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் நசுங்கிய முட்டையில் அதன் சொந்த நொதியே பூட்டைத் திறந்துவிடும். நீங்கள் அளப்பது இயற்கையின் அளவாக இருக்காது.

அரைப்பதிலும் சற்றுப் பொறுமை வேண்டும். பட்டுப்புழு முட்டையின் ஓடு கெட்டியானது. மெத்தனாலில் போட்டு உரலில் இரண்டு சுற்றுச் சுற்றினால், பாதி முட்டைகள் வழுக்கி விலகி முழுசாகவே கிடக்கும். சாற்றின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். அரைபட்ட ஓடு, ஓரம் கிழிந்த சிறு கிண்ணம்போல் தெரியும். அரைபடாதது முழு வட்டமாகத் தெரியும். முழு வட்டம் ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை அரையுங்கள். முட்டையை உறைந்த நிலையில், திரவ நைட்ரஜன் கிடைத்தால் அதில் முக்கி, பொடித்துவிட்டுப் பிறகு குளிர்ந்த மெத்தனாலை ஊற்றுவது நல்லது. மெத்தனால் புரதத்தைத் திரளச் செய்து நொதிகளை நிறுத்துகிறது. இன்னொரு பயனும் உண்டு. பூட்டிய ஹார்மோன் முட்டையின் கருவுணவுப் புரதமான விட்டெல்லினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெத்தனால் அந்த ஒட்டையும் விடுவிக்கிறது. மூன்று முறை சாறெடுத்து ஒன்றுசேருங்கள். முதல் சாறு மஞ்சளாகவும் கலங்கலாகவும் வரும். மூன்றாவது நிறமற்று வந்தால் போதும்.

அரைக்கும் முன்பே, முட்டை இன்னும் உறைந்திருக்கும்போதே, தெரிந்த அளவு ஓர் அளவுகோல் சேர்மத்தைச் சேர்த்துவிட வேண்டும். டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) பதித்த எக்டைசோன் கிடைக்கும் ஆய்வகத்தில் அதைச் சேர்ப்பார்கள். கிடைக்காத இடத்தில், பூச்சியில் இயல்பாக இல்லாத மியூரிஸ்டீரோன் போன்ற தாவர எக்டிஸ்டீராய்டு ஒன்றைச் சேர்க்கலாம். போட்டதில் எவ்வளவு கடைசியில் திரும்பி வந்தது என்று தெரியாமல் "இல்லை" என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் ஆய்வேட்டில் இது இருந்திருந்தால், ஹார்மோன் நீரோடு போனதை அன்றே கண்டுபிடித்திருப்பீர்கள்.

கொழுப்பை நீக்கும் கட்டம் எளிது. சாற்றை 70 விழுக்காடு மெத்தனாலாக நீர்த்து, ஹெக்சேனோடு குலுக்கி, ஹெக்சேனை விலக்க வேண்டும். முட்டைச் சாறு பிரிபுனலில் பால்போல் திரிந்து நிற்கும். முட்டையிலுள்ள லெசித்தின் செய்கிற வேலை அது. வேகமாகக் குலுக்காதீர்கள், புனலை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்படியும் பிரியாவிட்டால் சென்ட்ரிபியூஜில் பத்து நிமிடம் சுற்றினால் கோடு தெளிவாக விழும். விலக்கிய ஹெக்சேனை மட்டும் கொட்டிவிட வேண்டாம், அதற்கும் ஒரு பெயரெழுதி வையுங்கள். காரணம் வீட்டுச் சில்வண்டு (சுவர்க்கோழி). வெட்டுக்கிளியும் சில்வண்டும் ஒரே வரிசைப் பூச்சிகள்; ஆனால் வெட்டுக்கிளி 22-ஆம் கார்பனில் பாஸ்பேட் பூட்டினால், சில்வண்டு அதே 22-இல் நீண்ட கொழுப்பமிலம் ஒன்றைப் பூட்டுகிறது. வெட்டுக்கிளியின் ஹார்மோன் நீருக்குள் ஓடுகிறது, சில்வண்டின் ஹார்மோன் கொழுப்போடு போய்விடுகிறது. புதிய பூச்சி ஒன்றின் முட்டையை முதன்முறை ஆராய்கிறவர் எந்த அடுக்கையும் கொட்டக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பிறகு சி-18 கார்ட்ரிட்ஜ், சேர்மங்களை அவற்றின் முனைவின்படி பிரிக்கும் சிறு குழல். பழைய ஆய்வுகளில் சிலிக்கா நிரப்பிய நீண்ட குழாயில் நாள்கணக்கில் செய்ததை இது அரை மணியில் செய்கிறது. மெத்தனாலை நீக்கி, சாற்றை நீரில் ஏற்றி, முதலில் நீரால் கழுவினால் உப்பும் சர்க்கரையும் அமினோ அமிலமும் போய்விடும். அடுத்து 25 விழுக்காடு மெத்தனால் ஊற்றினால் பாஸ்பேட் போன்ற மிக முனைவுள்ள பிணைந்த வடிவங்கள் இறங்கும். 60 விழுக்காட்டில் கட்டற்ற எக்டைசோனும் 20-ஹைட்ராக்சி எக்டைசோனும் இறங்கும். முழு மெத்தனாலில் கொழுப்பமிலம் பூண்டவை வரும். கார்ட்ரிட்ஜ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஆகவே முதலில் உங்கள் கையிலுள்ள திட்டச் சேர்மத்தை (ஒப்பிடுவதற்கான தூய சேர்மம்) விட்டுப் பார்த்து, எந்த விழுக்காட்டில் இறங்குகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே முட்டைச் சாற்றை ஏற்றுங்கள். ஆவியாக்கும்போது நீர் கலந்த பகுதிகள் குமிழியிட்டுப் பொங்கும். சில துளி பியூட்டனால் சேர்த்தால் அடங்கும். வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். வலுவான அமிலத்தை எந்தக் கட்டத்திலும் நெருங்க விடாதீர்கள்: 14-ஆம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் நீராகப் பிரிந்துபோய் மூலக்கூறே வேறாகிவிடும். அமிலத் தடயம் இருக்கும்போது அசிட்டோனும் வேண்டாம். பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களில் ஒட்டிக்கொண்டு இல்லாத சேர்மம் ஒன்றை உருவாக்கிவிடும்.

இப்போது உங்களிடம் கட்டற்ற பகுதியும் பூட்டிய பகுதியும் தனித்தனியாக இருக்கின்றன. கட்டற்றதை நேராக அளக்கலாம். பூட்டியதைத் திறக்க ரோமன் நத்தையின் செரிமானச் சாற்றிலிருந்து தயாரித்த நொதிக் கலவையை இத்துறையில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். காரத்தன்மை இல்லாத, லேசான அமிலக் கரைசலில், 37 டிகிரியில் இரவு முழுதும் வைத்து, மறுநாள் மீண்டும் கார்ட்ரிட்ஜில் விட்டால், முன்பு 25 விழுக்காட்டில் இறங்கியது இப்போது 60 விழுக்காட்டில் இறங்கும். இந்த இடமாற்றமே ஒரு சான்று. ஏதோ ஒரு முனைவுத் தொகுதி கழன்றுவிட்டது என்று அது சொல்கிறது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வு தொடங்கிய காலத்தில், நான் வேலை செய்த ஆய்வகத்தில், ஓர் அந்துப்பூச்சியின் முட்டையிலிருந்து நத்தை நொதிக்குப் பின் அழகான முகடு ஒன்று கிடைத்தது. நேரமும் ஏறத்தாழப் பொருந்தியது. நான்கு வாரம் அதன் பின்னால் ஓடினேன். முட்டையே சேர்க்காமல் நொதியை மட்டும் அதே கரைசலில் வைத்து ஓட்டிய அன்று, அதே முகடு அதே இடத்தில் நின்றது. அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து நான் மாறாமல் செய்வது: நொதி சேர்த்த சாறு, கொதிக்க வைத்த நொதி சேர்த்த சாறு, நொதி இல்லாத சாறு, சாறு இல்லாத நொதி என்று நான்கையும் அருகருகே வைப்பேன். முதலாவதில் மட்டும் தோன்றுகிற முகடுதான் திறந்த பூட்டு.

கண்டறியும் கட்டத்தில் இந்தச் சேர்மங்கள் நமக்கு ஓர் உதவி செய்கின்றன. 6-ஆம் கார்பனின் கீட்டோனும் 7-ஆம் கார்பனின் இரட்டைப் பிணைப்பும் சேர்ந்து 242 நானோமீட்டர் அளவில் புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சுகின்றன. மோலார் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 12,000. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20-ஹைட்ராக்சி எக்டைசோனின் மூலக்கூறு எடை 480. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மைக்ரோகிராம் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் குடுவையில் உறிஞ்சல் வெறும் 0.025. சாதாரண நிறமாலைமானியில் அது இரைச்சலோடு கலந்துவிடும், ஆனால் எச்.பி.எல்.சி.யில் அதே ஒரு மைக்ரோகிராம் குறுகிய முகடாகக் குவிந்து வருவதால் மிகத் தெளிவாகத் தெரியும். முகட்டைக் கண்டதும் அதன் முழு நிறமாலையையும் பாருங்கள். உச்சம் 242-ஐ ஒட்டி இல்லாமல் 260-லோ 280-லோ இருந்தால் அது நியூக்ளியோட்டைடாகவோ புரதத் துண்டாகவோ இருக்கலாம். லோகஸ்டாவின் அடினோசின் பூட்டு மட்டும் இதற்கு விதிவிலக்கு; அதில் அடினினின் உறிஞ்சலும் சேர்ந்தே வரும்.

எதிர்ப்பொருளையும் கதிரியக்கத்தையும் கொண்டு அளக்கும் ரேடியோ நோயெதிர்ப்பு அளவீடு 1972-இல் போர்ஸ்ட், ஓ'கானர் இருவரும் எக்டைசோனுக்காகக் கொண்டுவந்தது. மிகச் சிறிய அளவையும் காட்டும் என்பதால் இன்றும் மதிப்பு உண்டு. அதன் வழி வந்த எலைசா முறையும் கிடைக்கிறது. ஆனால் எதிர்ப்பொருள் ஒரு குடும்பத்தையே அடையாளம் காணும், ஒரு பெயரை அல்ல. அதன் விடையை "எக்டைசோன் இவ்வளவு" என்று எழுதாமல் "எக்டைசோனுக்கு நிகராக இவ்வளவு" என்று எழுதுங்கள். எச்.பி.எல்.சி.யில் பிரித்த ஒவ்வொரு துளியையும் அந்த முறையில் அளந்தால் இரண்டின் பலமும் சேரும்.

இனி அந்த 481. நிறைமாலைமானியில் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் ஒரு புரோட்டானை ஏற்று 481-இல் தெரியும். நீர் கழன்று 463, 445, 427 என்று படியிறங்கும். படியிறங்கும் அந்த அழகைக் கண்டதும் மனம் நிறைந்து பெயரெழுதிவிடத் தோன்றும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் நகரில் கப்ளானிஸ், ராபின்ஸ், தாம்சன் குழுவினர் புகையிலைக் கொம்புப்புழுவின் முட்டைகளை ஆராய்ந்தபோது, அங்கே முதன்மையாக இருந்தது 20-ஹைட்ராக்சி எக்டைசோன் அல்ல. 26-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் கொண்ட 26-ஹைட்ராக்சி எக்டைசோன். 1973-இல் அதைப் புதிய ஹார்மோனாக வெளியிட்டார்கள். இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே, எடையும் ஒன்றே: 480. தாவரங்களில் கிடைக்கும் இனோகோஸ்டீரோனுக்கும் அதே 480. எடை மட்டும் பார்த்தவர் மூன்றையும் ஒன்றென்று எழுதிவிடுவார்.

வேறுபாட்டைக் காண, மூலக்கூறு எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். 20-க்கும் 22-க்கும் இடையே பக்கச் சங்கிலி வெட்டுப்படும். கூடுதல் ஆக்சிஜன் 20-இல் இருந்தால் அது வளையங்களோடு தங்கி, 363, 345 என்ற துண்டுகளைத் தரும். பக்கச் சங்கிலி 99, 81 என்று வரும். ஆக்சிஜன் 26-இல் இருந்தால் வளையத் துண்டு எக்டைசோனுடையதைப் போலவே 348-இல் நிற்கும், பக்கச் சங்கிலிதான் கனக்கும். எலக்ட்ரான் மோதல் முறையில் எடுத்த பழைய நிறைமாலைகளில் இவை தெளிவாகத் தெரியும். என்.எம்.ஆர். (மூலக்கூறில் ஒவ்வொரு ஹைட்ரஜனின் சூழலையும் காந்தப்புலத்தில் காட்டும் முறை) இன்னும் நேரடியாகப் பேசும். எக்டைசோனில் 21-ஆம் மெத்தில் பக்கத்திலுள்ள ஒரே ஹைட்ரஜனால் இரட்டைக் கோடாகப் பிளந்து 0.95-ஐ ஒட்டி நிற்கும். 20-இல் ஹைட்ராக்சில் வந்துவிட்டால் அந்த ஹைட்ரஜன் இல்லை. கோடு ஒற்றையாகி 1.19-க்கு நகரும். 26-ஹைட்ராக்சியில் அது இரட்டையாகவே இருக்கும். கடைசி மெத்தில்களில் ஒன்றுதான் காணாமற்போகும். 7-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் 5.8-ஐ ஒட்டித் தனியாக நிற்பது இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம்.

பூட்டு எந்தக் கார்பனில் என்று காட்டுவதும் இதே வழியில்தான். நொதியால் திறந்துவிட்டால் பூட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால் திறக்காத பகுதியையே தூய்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். பாஸ்பேட் எதிர்மின் அயனியாக எளிதில் பறக்கும்: எக்டைசோன் பாஸ்பேட் 543, 2-டிஆக்சி எக்டைசோன் பாஸ்பேட் 527, 20-ஹைட்ராக்சி எக்டைசோன் பாஸ்பேட் 559. என்.எம்.ஆரில் 22-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் தன் வழக்கமான இடத்தைவிட்டுக் கீழ்ப்புலத்துக்கு நகரும்; பக்கத்திலுள்ள பாஸ்பரஸால் மேலும் பிளவுபடும். 2, 3 ஆகிய இடங்களின் ஹைட்ரஜன்கள் அசையாமல் இருக்கும். எது நகர்ந்தது, எது நகரவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் "22-பாஸ்பேட்" என்று எழுத முடியும். உங்கள் முட்டையில் இது எல்லாமே 22 என்று எண்ணிவிடவும் வேண்டாம். 22-இல் ஹைட்ராக்சிலே இல்லாத 2,22-டைடிஆக்சி-20-ஹைட்ராக்சி எக்டைசோன் பட்டுப்புழு முட்டையில் உண்டு. அதற்குப் பூட்டு 3-ஆம் கார்பனில்.

இன்னொரு பக்கம் கார்பன் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். பூச்சிகளால் ஸ்டீராலைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, தின்பதிலிருந்துதான் எடுக்கின்றன. இலையில் இருப்பது 28, 29 கார்பன் ஸ்டீரால்கள். பட்டுப்புழு அவற்றின் உபரிக் கார்பனைக் கழற்றி 27 ஆக்கிக்கொள்ளும். எருக்கங்குடும்பச் செடியின் விதையைத் தின்னும் ஆன்கோபெல்டஸ் நாவாய்ப்பூச்சிக்கு அந்தத் திறன் இல்லை. 1975-இல் அதன் கருவில் கண்டது 28 கார்பன் கொண்ட மகிஸ்டீரோன்-ஏ; எடை 494. 480-ஐ மட்டுமே தேடியிருந்தால் அந்தப் பூச்சியில் ஹார்மோனே இல்லை என்று முடித்திருப்பார்கள்.

தூய்மைக்கேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் தேடுகிற 20-ஹைட்ராக்சி எக்டைசோன் செடிகளிலும் உண்டு. ஸ்பினாச் கீரையில் இருக்கிறது. வேலியோரம் நம் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவியிலும் இருக்கிறது. அதே கண்ணாடிப் பாத்திரத்தில் நேற்று யாராவது மூலிகைச் சாறு எடுத்திருந்தால் உங்கள் நானோகிராம் கணக்கு கெட்டுவிடும். தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையே இல்லாமல் எல்லாக் கட்டத்தையும் கடந்த வெற்றுச் சாறு ஒன்றைத் தவறாமல் ஓட்டுங்கள்.

முதுகலை ஆய்வேட்டின் ஆறு மாதத்தில் என்.எம்.ஆருக்குத் தேவையான மில்லிகிராமைத் திரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 5 கிராமில் அது வராது. உங்களால் முடிந்தது இது: இரண்டு வேறுபட்ட எச்.பி.எல்.சி. முறைகளில், ஒன்று சி-18, மற்றொன்று சிலிக்கா, திட்டச் சேர்மத்தோடு நேரம் பொருந்துகிறது; இரண்டிலும் சாற்றையும் திட்டச் சேர்மத்தையும் சேர்த்து ஏற்றியபோது முகடு பிளவுபடாமல் ஒன்றாகவே உயர்கிறது; நிறமாலை 242-இல் உச்சம்; நிறைமாலையின் துண்டுகள் திட்டச் சேர்மத்தின் துண்டுகளோடு அதே விகிதத்தில் ஒத்துப்போகின்றன; வெற்றுச் சாற்றில் எதுவுமில்லை. இந்த ஐந்தும் இருந்தால் பெயரைத் துணிந்து எழுதலாம். ஒன்று குறைந்தால் "எக்டிஸ்டீராய்டு போன்ற சேர்மம்" என்று எழுதுங்கள். தேர்வாளர் யாரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். குறைத்தால் அவரிடம் கொம்புப்புழுவின் கதையைச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். முதல் சாற்றைக் குலுக்கிய பிறகு நீர் அடுக்கை உண்மையிலேயே கொட்டிவிட்டீர்களா, அல்லது கழிவுப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கிறீர்களா? புட்டி இன்னும் இருந்து, அதில் வேறு எதுவும் கலக்காமல் இருந்தால், அளவுக் கணக்குக்கு அது உதவாது. ஆனாலும் ஒரு கார்ட்ரிட்ஜ் செலவழித்து 25, 60 விழுக்காடு இரண்டையும் தனித்தனியாக இறக்கி, 25-ஐ நத்தை நொதியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மறுநாள் காலை 242-இல் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். குரோமட்டோகிராமையும் சேர்த்து அனுப்பினால் சேர்ந்து பார்க்கலாம்.